யூனிஸ்ஃபியரை 61 சென்டிமீட்டரில் கட்டியது

உருண்டை கடைசியில் சாயாமல் நிற்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் அசையவில்லை. எங்கே எது தவறியது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். கம்பிக்கூடாக ஓர் உலக உருண்டை செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

நான் எடுத்துக்கொண்ட மூலம் நியூயார்க்கில், குயின்ஸ் பகுதியின் ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவில் நிற்கும் யூனிஸ்ஃபியர். 1964-65 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. வடிவம் கில்மோர் கிளார்க் என்ற நிலவடிவமைப்பாளருடையது, யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அன்பளிப்பாகக் கொடுத்தது, அதன் அமெரிக்கன் பிரிட்ஜ் பிரிவு கட்டியது. உயரம் 140 அடி, உருண்டையின் விட்டம் 120 அடி. 1939 கண்காட்சியின்போது அதே இடத்தில் பெரிஸ்ஃபியர் என்ற 180 அடி விட்டமுள்ள மூடிய வெள்ளைக் கோளம் நின்றது. அதன் அஸ்திவாரத்தின் மேல்தான் யூனிஸ்ஃபியர் எழுந்தது. 1995-ல் நியூயார்க் நகரம் இதைப் பாதுகாக்க வேண்டிய நகரச் சின்னமாக அறிவித்தது.

பொது இடத்து உலக உருண்டைகளில் பெரும்பாலானவை மூடியவை. இங்கிலாந்தின் ஸ்வானேஜில் 1887-லிருந்து இருக்கும் கிரேட் குளோப், போர்ட்லேண்ட் கல்லில் செதுக்கிய 40 டன் உருண்டை, 10 அடி விட்டம். அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் யார்மத் ஊரில் இருக்கும் எர்த்தா, 41 அடி விட்டத்தில் சுழலும் உருண்டை. இரண்டிலும் கடலும் ஒரு பொருள்தான்: கல்லாகவோ அச்சிட்ட பலகையாகவோ அங்கே இருக்கிறது. யூனிஸ்ஃபியரில் கடல் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கம்பிச் சட்டங்களுக்கு நடுவே வானம் தெரியும். என்னை இழுத்தது அதுதான். கட்ட ஆரம்பித்த பிறகு வந்த தொல்லைகளில் முக்கால்வாசியும் அதிலிருந்துதான் வந்தன. நிலம் மட்டும் கனக்கும், நிலம் மட்டும் காற்றைப் பிடிக்கும், நிலமோ உலகில் ஒரு பக்கமாகக் குவிந்து கிடக்கிறது.

அளவு 1:60 என்று முடிவு செய்தேன். 120 அடி என்பது 2 அடியாகிவிடும், கணக்குப் போட எளிது. உருண்டையின் விட்டம் 610 மி.மீ, பீடத்தின் உயரம் 102 மி.மீ, மொத்தம் 71 செ.மீ. பூமியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு கோடியே பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மேசையில் வைக்கலாம், வாசல் கதவு வழியாகத் தூக்கிப் போகலாம். இதைவிடச் சின்னதாகச் செய்தால் தீவுகளை வெட்ட முடியாது.

கம்பி

மூலம் 304எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நானும் 304எல் கம்பியையே வாங்கினேன். அந்த ‘எல்’ வீண் ஆடம்பரம் இல்லை. சாதாரண 304-ஐச் சூடாக்கி ஒட்டும்போது, ஒட்டின் பக்கத்தில் எஃகிலுள்ள கரி (கார்பன்) குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், பிற்பாடு அந்த இடத்தில் துரு தொடங்கும். ‘எல்’ ரகத்தில் கரி 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது. வெளியில் மழையில் வைக்கப்போகும் பொருளுக்கு இது முக்கியம்.

தீர்க்கரேகைகளுக்கு 3 மி.மீ கம்பி, அட்சரேகைகளுக்கு 2 மி.மீ. 15 டிகிரிக்கு ஒன்று வீதம் 24 தீர்க்கரேகை அரைவட்டங்கள், 11 அட்சரேகை வளையங்கள். கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் 264. ஒட்டுவதற்கு எத்தனை ஆகும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. 10 டிகிரி இடைவெளி வைத்தால் இன்னும் அழகாக இருக்கும்தான், ஆனால் ஒட்டுகள் 612 ஆகிவிடும்.

வளைப்பதில்தான் முதல் சிக்கல். ஒட்டுப்பலகையில் 610 மி.மீ வட்டு வெட்டி, அதைச் சுற்றிக் கம்பியை இழுத்துக் கட்டினேன். முதலில் கையிலிருந்தது ஸ்பிரிங் செய்யப் பயன்படும் விறைப்பான கம்பி. கட்டை அவிழ்த்ததும் அது நேராக நிமிர்ந்துவிட்டது, வளைந்த தடமே இல்லை. 3 மி.மீ கம்பிக்கு 610 மி.மீ வட்டம் என்பது அது தாங்கிக்கொள்ளும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பிறகு காய்ச்சி மென்மையாக்கிய கம்பி வாங்கினேன். அதே வட்டில் சுற்றினால் ஒரு மீட்டருக்கும் பெரிய விட்டத்தில் நின்றது. வட்டை வெட்டி வெட்டிச் சின்னதாக்கி, 420 மி.மீ-க்குக் கொண்டுவந்தபோதுதான் கம்பி விரிந்து சரியாக 610-ல் வந்து நின்றது.

தீர்க்கரேகைகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் அந்த ஒரு வட்டு போதும். அட்சரேகைகள் அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் வேறு விட்டம், வேறு வட்டு. இங்கே பலகையைக் கைவிட்டு, மூன்று உருளை வைத்த வளைப்பான் ஒன்றைச் செய்துகொண்டேன். மூன்று பேரிங், ஒரு தடித்த இரும்புப் பட்டை, நடு உருளையை அழுத்த ஒரு போல்ட், சுற்ற ஒரு கைப்பிடி. கம்பியை முன்னும் பின்னும் ஓட்டி, போல்ட்டைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினால் எந்த விட்டமும் வரும். அடுத்த முறை இதிலிருந்துதான் தொடங்குவேன். பலகை வட்டு வெட்டவே மாட்டேன்.

வளையங்களின் சுற்றளவு, கம்பியின் நடுக்கோட்டில்: நிலநடுக்கோடு 1916 மி.மீ, 15 டிகிரி 1851, 30 டிகிரி 1660, 45 டிகிரி 1355, 60 டிகிரி 958, 75 டிகிரி 496. இந்த எண்களை அப்படியே எடுத்து வெட்டினால் வளையம் உட்காராது. நிலத் தகடுகள் வெளியே தீர்க்கரேகைக் கம்பியின் மேல் படிய வேண்டும் என்பதால் அட்சரேகை வளையங்களை உட்பக்கம் வைத்தேன். அப்போது வளையத்தின் நடுக்கோடு 2.5 மி.மீ உள்ளே போகிறது, நிலநடுக்கோட்டு வளையம் கிட்டத்தட்ட 16 மி.மீ குறைய வேண்டும், 60 டிகிரி வளையம் 8 மி.மீ. முதலில் வெட்டிய நிலநடுக்கோட்டு வளையம் கூட்டுக்குள் நுழையாமல் அலையலையாக நின்றது, அதை வைத்துத்தான் இந்தக் கழிப்பைக் கண்டுபிடித்தேன்.

துருவங்களில் 24 கம்பிகளும் ஒரு புள்ளியில் கூடுவது நடக்காத காரியம். 3 மி.மீ கம்பிகள் 24 பக்கத்தில் பக்கத்தில் நின்றால் துருவத்துக்கு ஒரு சாண் தூரத்திலிருந்தே இடைவெளி சுருங்கி, கனமான முடிச்சாகத் தெரியும். ஒன்று விட்டு ஒன்றாக 12 கம்பிகளை 75 டிகிரி வளையத்தோடு நிறுத்திவிட்டேன். மீதி 12 மட்டும் துருவம்வரை போய், 40 மி.மீ தகட்டு வில்லையில் சேர்கின்றன. பார்க்கவும் நன்றாக இருக்கிறது, ஒட்டவும் கைக்கு இடம் கிடைக்கிறது.

ஒட்டு

சில்வர் பிரேசிங் செய்தேன், அதாவது வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி இடையில் ஓடவிட்டு ஒட்டும் முறை. மின்பொறியால் கம்பியையே உருக்கிச் சேர்க்கும் டிக் வெல்டிங்கில் 2 மி.மீ கம்பி கண் இமைப்பதற்குள் உருகித் துண்டாகிறது. என் கை அந்த அளவுக்குப் பழகியதில்லை. பிரேசிங் 650 டிகிரிக்கு அருகே வேலை செய்கிறது, கம்பி உருகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கென்றே வரும் ஃப்ளக்ஸ் (ஒட்டு பிடிக்க உதவும் பூச்சு) வேண்டும், தாமிரத்துக்குப் போடுவது பிடிக்காது. கம்பியும் தகடும் சேர்ந்து என்ன செலவானதோ, அதைவிட அதிகம் வெள்ளிக் குச்சிக்கே ஆனது. ஒவ்வொரு ஒட்டுக்கும் குச்சியின் நுனியை உருக்கி விடாமல், மெல்லிய வெள்ளிக் கம்பியை 3 மி.மீ துண்டுகளாக நறுக்கி, ஃப்ளக்ஸில் தோய்த்து மூலையில் வைத்துச் சூடாக்கினால் பாதி மிச்சமாகும். பாதி வேலை முடிந்த பிறகுதான் இந்த வழிக்கு வந்தேன்.

கூட்டை வடக்கு, தெற்கு என்று இரண்டு பாதியாகக் கட்டினேன். தரையில் ஒரு வட்டப் பலகை, அதன் மேல் நிலநடுக்கோட்டு வளையத்தை ஆணிகளால் நிறுத்தி, நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியில் துருவ வில்லை. வரிசையாக 0, 15, 30 டிகிரி என்று சுற்றிக்கொண்டே ஒட்டியதில் முதல் பாதி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. சூடான பக்கம் ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. அடுத்த பாதியில் ஒன்றை ஒட்டியதும் நேர் எதிரே உள்ளதை, அப்புறம் 90 டிகிரி தள்ளி, அதற்கு எதிரே என்று மாற்றி மாற்றி ஒட்டினேன், நேராக வந்தது. இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது விட்டத்தில் 4 மி.மீ வித்தியாசம் இருந்தது. வடக்குப் பாதியைக் கயிறு கட்டி இறுக்கிப் பிடித்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போதும் நிலநடுக்கோட்டில் விரலை ஓட்டினால் அந்தப் படி தட்டுப்படும்.

சுத்தம் செய்வதை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். இரும்புக் கம்பி பிரஷால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேய்க்கவே கூடாது, அதன் துகள் ஒட்டிக்கொண்டு அங்கங்கே பழுப்புப் புள்ளியாகத் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் பிரஷ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டைச் சுற்றி வரும் நீல, பழுப்பு நிறத்தைத் தேய்த்து எடுத்த பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கடையில் விற்கும் பிக்ளிங் பேஸ்ட் (ஒட்டின் கறையை எடுக்கும் அமிலப் பசை) வேகமாக வேலை செய்யும்தான், ஆனால் பலவற்றில் மிக ஆபத்தான ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. வீட்டில் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, கடல் திறந்திருப்பதால் உள்பக்கமும் வெளியே தெரிகிறது. பசிபிக் பக்கம் நின்று பார்த்தால் அதன் வழியே ஆப்பிரிக்காவின் முதுகு இடவலம் மாறித் தெரியும். வெளிப்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கி, உள்ளே கண்ணாடி போல உறைந்த ஃப்ளக்ஸை விட்டுவைத்திருந்தேன். கூடு எழுந்து நின்றதும் கண் போனது நேராக அங்கேதான். பின்பு உள்ளே கைவிட்டு ஒவ்வொரு ஒட்டாகச் சுரண்டினேன். மூடிய உருண்டைக்கு இந்த வேலையே கிடையாது.

நிலம்

கண்டங்களுக்கு 0.4 மி.மீ ஸ்டெயின்லெஸ் தகடு. உருண்டையின் மொத்தப் பரப்பு 1.17 சதுர மீட்டர், அதில் நிலம் 29 சதவீதம், அதாவது 0.34 சதுர மீட்டர். எடை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். கம்பிக்கூடு ஒன்றரைக் கிலோ.

வரைபடத்தை 15 டிகிரி அகலமுள்ள 24 காகிதப் பட்டைகளாக எடுத்தேன். ஒவ்வொன்றும் நடுவில் 80 மி.மீ அகலம், நுனிக்கு நுனி 958 மி.மீ நீளம். பட்டையை அப்படியே கூட்டின் மேல் வைத்தால் இரண்டு தீர்க்கரேகைகளுக்கு நடுவே அளவாக உட்காரும். பட்டையிலிருந்து கரையோரத்தைத் தகட்டில் ஒட்டி, தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்தேன். தட்டையான துண்டை அப்படியே வைத்தால் நடுவில் தூக்கி நிற்கும். 80 மி.மீ அகலத்தில் வளைவு 2.6 மி.மீ-தான், ஆனாலும் வெளிச்சம் பட்டதும் தட்டை தட்டையாகத் தெரிந்துவிடும். மணல் நிரப்பிய தோல் பையின் மேல் வைத்து, நுனி உருண்ட மரச்சுத்தியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டினால் கிண்ணம் போல வளையும். ஆசியாவை ஒரே துண்டாகத் தட்ட முயன்றதில் விளிம்பு சுருக்கம் சுருக்கமாக எழுந்தது. 30 டிகிரிக்கு மேல் அகலமுள்ள எதையும் துண்டாக்கிச் சேர்ப்பதே நல்லது. ஒட்டுக்கோடு தீர்க்கரேகைக் கம்பியின் மேலேயே விழுவதால் மறைந்துவிடும்.

மலைகளைப் பற்றி ஒரு கணக்கு என்னை வியக்க வைத்தது. இந்த அளவில் எவரெஸ்ட்டின் 8.8 கி.மீ உயரம் 0.42 மி.மீ. நான் வெட்டும் தகட்டின் தடிமன் அவ்வளவுதான். ஒரே ஒரு தகடு கூடுதலாக வைத்தால் எவரெஸ்ட் ஆயிற்று! 120 அடி உருண்டையிலும் உண்மை அளவில் எவரெஸ்ட் ஓர் அங்குலம்தான் வரும். மூலத்தில் மலைத்தொடர்களைப் படிப்படியாக, தகட்டின் மேல் தகடாக அடுக்கியிருக்கிறார்கள், கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நானும் இமயமலைக்கு மூன்று அடுக்கு, ஆண்டிஸுக்கும் ராக்கி மலைக்கும் இரண்டு அடுக்கு வைத்தேன். பக்கவாட்டில் வெயில் விழும்போது அந்த விளிம்புகள்தான் கண்டத்துக்கு உயிர் கொடுக்கின்றன.

தீவுகள் தனிப் பாடு. கம்பி தொடாத தீவு நிற்காது. மடகாஸ்கருக்குக் கவலையில்லை, 45 டிகிரி கிழக்கும் 15 டிகிரி தெற்கும் இரண்டுமே தொட்டுச் செல்கின்றன. ஜப்பான் வழியே 135 டிகிரி கிழக்கு, ஐஸ்லாந்து வழியே 15 டிகிரி மேற்கு, இங்கிலாந்து வழியே சுழிய ரேகை, நியூசிலாந்தின் தென்தீவு வழியே 45 டிகிரி தெற்கு போகின்றன. இலங்கைக்கு ஒன்றும் இல்லை. 75-க்கும் 90-க்கும் நடுவே, நிலநடுக்கோட்டுக்கும் 15-க்கும் நடுவே அந்தரத்தில் நிற்கிறது. 20 மி.மீ நீளமுள்ள அந்தத் துண்டை, இந்தியாவின் தென்முனைக்கு அடியிலிருந்து 1 மி.மீ கம்பி நீட்டிப் பிடித்தேன். வெளியிலிருந்து கம்பி தெரியாது. ஹவாய்க்குப் பக்கத்தில் நிலமே இல்லாததால் 15-க்கும் 30-க்கும் நடுவே மெல்லிய கம்பி ஒன்றைக் குறுக்கே போட்டு அதில் புள்ளிகளாக வைத்தேன். பொய்க் கம்பிதான், ஆனால் பசிபிக்கில் ஒன்றுமே இல்லாமல் விட எனக்கு விருப்பமில்லை.

சாய்வும் பீடமும்

அச்சு 23.5 டிகிரி சாய வேண்டும். கோணமானியை உருண்டையில் வைத்து அளப்பது சிரமம். வடதுருவத்திலிருந்து தூக்குக் குண்டு விட்டு, நூலுக்கும் தென்துருவத்துக்கும் நடுவே கிடைமட்டத் தூரத்தை அளந்தேன். 243 மி.மீ வந்தால் சாய்வு சரி.

மூலத்தில் உருண்டையைத் தாங்குவது தலைகீழான முக்காலி, அடியில் குறுகி மேலே விரியும். மூன்று கால்களையும் நேராகக் கம்பிகள் சந்திக்கும் இடங்களில் ஒட்டலாம் என்று தொடங்கினேன். சாய்வினால் அந்த இடங்கள் மூன்றும் மூன்று உயரத்தில் அமைந்தன, கால்கள் வெவ்வேறு நீளமாயின. அதையும் சமாளித்து உருண்டையை ஏற்றினால், தெற்கு அரைக்கோளத்தின் 2 மி.மீ வளையங்கள் உள்ளே குழிந்துவிட்டன. எடை முழுவதும் மூன்று புள்ளியில் இறங்கும்போது அவற்றால் தாங்க முடியவில்லை.

தீர்வு ஒரு படுக்கை வளையம். அச்சைப் பார்க்காமல் தரைக்கு இணையாக, 300 மி.மீ விட்டத்தில், 5 மி.மீ கம்பியில் செய்து, உருண்டையின் அடியிலிருந்து 4 செ.மீ உயரத்தில் உள்பக்கமாகச் செருகி, அது கடக்கும் ஒவ்வொரு தீர்க்கரேகையோடும் ஒட்டினேன். கால்கள் மூன்றும் இந்த வளையத்தைத்தான் பிடிக்கின்றன. அண்டார்டிகாவின் தகடு அந்த இடத்தில் குறுக்கிட்டது, அதில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டியதாயிற்று. இந்த வளையத்தை முதலிலேயே திட்டமிட்டிருந்தால் அண்டார்டிகாவை அதற்கேற்ப வெட்டியிருக்கலாம்.

அப்புறம்தான் சமநிலை. வரைபடத்தில் பிரான்சின் மேற்குப் பகுதியை நடுவாக வைத்து உலகத்தை இரண்டாகப் பிரித்தால், நிலத்தின் பெரும்பகுதி ஒரே பாதியில் வந்துவிடும். மறுபாதி கிட்டத்தட்ட முழுக்கக் கடல். மூடிய உருண்டையில் இது வெறும் தகவல். கம்பிக்கூட்டில் அது எடை. மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைந்த என் உருண்டையை வெவ்வேறு இடத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்ததில், எடையின் நடு உருண்டையின் நடுவிலிருந்து நாலரை செ.மீ-க்கு மேல் துருக்கி இருக்கும் திசையில் தள்ளிப்போயிருந்தது.

அச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். வடதுருவம் கனமான பக்கத்தை நோக்கிச் சாய்ந்தால் அந்த நாலரை செ.மீ கிட்டத்தட்ட முழுவதும் பக்கவாட்டில் இழுக்கும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம், அதாவது வடதுருவம் பசிபிக்கை நோக்கிச் சாயும்படி வைத்தால் ஐரோப்பாவும் ஆசியாவும் மேல்நோக்கி எழுகின்றன, பக்கவாட்டு இழுப்பு இரண்டு செ.மீ-க்குக் குறைகிறது. ஒரு காசு செலவில்லாமல், உருண்டையைத் திருப்பி வைத்ததிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

மீதிப் பாதி காற்று. கண்டங்களின் வெளிப்பக்கம் உருண்டை, காற்று வழுக்கிப் போகும். உள்பக்கம் குழிந்த கிண்ணம், காற்றைப் பிடிக்கும். காற்றுவேகம் அளக்கும் கருவியில் கிண்ணங்கள் சுழல்வது இதனால்தான். விசிறியை அமெரிக்கா பக்கம் வைத்தால், காற்று கூட்டுக்குள் நுழைந்து ஆசியாவின் உட்குழிவில் மோதி, உருண்டையை முக்காலியின் மேல் முறுக்கியது. முதல் அடித்தகடு 200 மி.மீ விட்டம், 8 மி.மீ தடிமன், இரண்டு கிலோ, அது தூக்கியது. 300 மி.மீ விட்டம், 10 மி.மீ தடிமன் உள்ள இரும்பு வட்டாக மாற்றினேன், ஐந்தரைக் கிலோ. தூக்குவது நின்றது, முறுக்கு நிற்கவில்லை. கால்களின் அடியில் போல்ட் ஒவ்வொரு முறையும் தளர்ந்தது. ஒவ்வொரு காலின் அடியிலும் தகட்டுக்குள் இறங்கும் 3 மி.மீ ஊசி அடித்த பிறகுதான் அசைவு நின்றது. 120 அடி உருண்டையை இந்தக் காற்றுக்கும் இந்தக் கோணல் எடைக்கும் எதிராக நிறுத்திய பொறியாளர்கள் மேல் எனக்கு மரியாதை பல மடங்கு கூடியது.

ஃபிளஷிங் மெடோஸில் பீடத்தைச் சுற்றி நீரூற்றுகள் உண்டு. தண்ணீர் எழும்போது முக்காலி மறைந்து உருண்டை மிதப்பது போலத் தெரிய வேண்டும் என்பது திட்டம். என்னிடம் நீரூற்று இல்லை. கால்களுக்கும் அடித்தகட்டுக்கும் பளபளப்பில்லாத கறுப்பு அடித்தேன். மாலை வெளிச்சத்தில் அதே வேலையை ஓரளவு செய்கிறது.

வளையங்களும் விளக்குகளும்

மூலத்தில் உருண்டையைச் சுற்றி மூன்று வளையங்கள்: விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின், பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கர் ஜான் க்ளென், டெல்ஸ்டார் என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஆகியவர்களின் பாதைகளைக் குறிப்பவை. ககாரின் 1961 ஏப்ரலில் போனார், க்ளென் 1962 பிப்ரவரியில், டெல்ஸ்டார் அதே ஆண்டு ஜூலையில். சாய்வுகளை நிஜப் பாதைகளிலிருந்தே எடுத்தேன்: ககாரினின் வளையம் 65 டிகிரி அட்சரேகைவரை ஏறுகிறது, க்ளென்னுடையது 32.5, டெல்ஸ்டார் 45. உயரத்தை அப்படி எடுக்க முடியாது. ககாரின் போன அதிகபட்ச உயரம் இந்த அளவில் 16 மி.மீ-க்குள் அடங்கும், டெல்ஸ்டாரின் உச்சமோ 28 செ.மீ, கிட்டத்தட்ட உருண்டையின் ஆரம் அளவு. மூலத்திலும் மூன்றும் உருண்டையை ஒட்டியே போகின்றன. நானும் மூன்றையும் 16-லிருந்து 24 மி.மீ-க்குள் வைத்தேன்.

1.5 மி.மீ கம்பியில் செய்த இவை நான்கு இடத்தில் மட்டும் பிடித்தபோது தம் எடையிலேயே முட்டை வடிவமாகத் தொய்ந்தன. 0.5 மி.மீ கம்பியால் எட்டு இடத்தில் கட்டியதும் வட்டமாயின.

கண்காட்சிக் காலத்தில் தலைநகரங்கள் இருக்கும் இடங்களில் விளக்குகள் எரிந்தன. உயரத்தில் நின்று இரும்பைச் சேர்த்த மோஹாக் பழங்குடித் தொழிலாளர்களைச் சிறப்பிக்க, கனடாவில் உள்ள அவர்களுடைய கானவாகே பகுதிக்கும் ஒரு விளக்கு கிடைத்தது. அந்த ஒன்றையாவது எரிய வைக்க நினைத்தேன். சின்ன எல்.இ.டி, கூடே நெகட்டிவ், எனாமல் பூசிய மெல்லிய கம்பி பாசிட்டிவ், பீடத்தில் 3 வோல்ட் பட்டன் பேட்டரி. எரிந்தது, பிறகு அணைந்தது. தகட்டு விளிம்பில் உராய்ந்து எனாமல் போய்க் கூட்டோடு தொட்டுவிட்டது. கம்பிக்கு மெல்லிய சுருங்கும் குழாய் போட்டு, தீர்க்கரேகையின் உள்பக்கமாகவே இறக்கிக் கட்டியதும் நிலையாக எரிகிறது. மற்ற தலைநகரங்களுக்கு இந்த வழி ஆகாது, அத்தனை கம்பிகள் கூட்டையே மறைத்துவிடும்.

அடுத்தது செய்தால் மாற்றப்போவது இவை: படுக்கை வளையத்தை முதலில் வரைந்து, அதைச் சுற்றிக் கூட்டைக் கட்டுவேன். தீர்க்கரேகைகளுக்கு உருண்டைக் கம்பிக்குப் பதில் 4 மி.மீ அகலப் பட்டை, தகடு படிய இடம் கிடைக்கும். கண்டங்களை பிரேசிங் செய்யாமல் சின்ன ரிவெட்டால் பிடிப்பேன், கழற்றி உள்ளே சுத்தம் செய்ய வசதி. ஆசியா, ஆப்பிரிக்கா இரண்டுக்கும் 0.3 மி.மீ தகடு, மற்றவற்றுக்கு 0.4, எடையின் நடு அதனாலேயே கொஞ்சம் திரும்பி வரும். இப்போதைக்கு உருண்டை வெளியில் இருக்கிறது. முதல் மழை முடிந்ததும் தெற்கு அரைக்கோளத்தின் ஒட்டுகளில் பழுப்புப் புள்ளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கை சரியாக நுழையாமல் சுத்தம் செய்த இடம் அது ஒன்றுதான்.